எழுபத்தெட்டாவது பெயர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அது அவளுடைய சிரிப்பே இல்லை. தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னால் செத்து மண்ணாகிப்போன ஒரு கிரேக்கத் துறவியின் சிரிப்பு. வலது கை விரல்களில் ஆரம்பித்து, முழங்கை வழியாக ஏறி, தோளைக் குலுக்கிவிட்டு, வயிற்றில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"வடிவு, கழத்துட்டி! சீக்கிரம் கழத்து!"

"ஏட்டி, இன்னும் அஞ்சு நிமிஷம்கூட ஆகல. எங்க வலிக்கி?" சங்கரவடிவு கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வலிக்கலட்டி. சிரிப்பு வருது!"

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் இறையியல் கல்லூரி. அதன் நூலகத்தின் பின்னறையில்தான் இந்தக் கூத்து. காலம், இன்றைக்கு முப்பது வருடம் தள்ளி. முப்பது வருடத்தில் உலகம் தலைகீழாக மாறிவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அப்போதும் அந்த அறையில் மின்விசிறி கரகரவென்றுதான் சுற்றும். புதிதாக வந்தது ஒன்றே ஒன்று, வடிவு செய்த கையுறை.

பேனா ஏட்டில் அழுந்தியிருக்கும் பள்ளம், மை தேங்கி நின்ற இடம், கை தயங்கிய இடம், வேகமாக ஓடிய இடம் எல்லாவற்றையும் ஒரு கருவி அளந்துவிடும். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டால், அன்றைக்கு எழுதியவன் கை எப்படி அசைந்ததோ அப்படியே நம் கை அசையும். அவ்வளவுதான் வடிவு போட்ட திட்டம். ஆனால் கை அசைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? முஷ்டியை மடக்கிப் பாருங்கள், கோபம் தானாக வரும். எழுதியவன் மனசு, கை வழியாக மாட்டியவன் மனசுக்குள் புகுந்துவிட்டது.

இது விளையாட்டுக் காரியமில்லை. போன வருடம் இவர்களோடு வேலை பார்த்த பரமசிவன், காலராவில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் எழுதிய பழைய கடிதத்தை மாட்டிப் பார்த்தார். நாற்பது நாள் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி இந்த அறை வாசலில் வந்து நின்று, "என் புருஷனை எங்கிட்ட திருப்பிக் குடுங்க" என்று அழுதாள். அன்றிலிருந்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் யாரும் மாட்டக் கூடாது என்று வடிவு பூட்டு வைத்தாள். அப்படியும் இரண்டு மூன்று நாளைக்கு எழுதியவனுடைய பழக்கம் கொஞ்சம் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இவர்கள் வைத்த பெயர் கைமிச்சம்.

இப்போது மேசையில் இருப்பது கிரேக்க மொழியில் எழுதிய நான்கு சுவிசேஷங்கள். ஆட்டுத்தோல் ஏடுகள், செங்கல் கனம், பழுப்பு மை, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எந்தக் காலத்திலோ ஓர் அர்மீனிய வியாபாரி தூத்துக்குடியில் விட்டுப்போனதாகச் சொல்வார்கள். கல்லூரி விழாவில் ஜனங்கள் வரிசையில் நின்று கையுறையை மாட்டி, அந்தப் புண்ணியவானுடைய பக்தியை அனுபவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவர்கள் ஒரு மாதமாகப் பக்தியைத் தேடுகிறார்கள். மத்தேயு எழுதும்போது அந்த மனிதருக்குப் பசி. மாற்கு முழுக்க முதுகுவலி. இன்றைக்கு லூக்கா. லூக்காவில் பார்த்தால் சிரிப்பு!

"அப்படி என்னட்டி எழுதியிருக்கு அந்தப் பக்கத்துல? நகைச்சுவையா?"

"போட்டி! வம்சவரலாறு. இன்னார் இன்னாருக்கு மகன், அவர் இன்னாருக்கு மகன்னு எழுபத்தேழு பேர். கடைசியில ஆதாம், அதுக்கு மேல கடவுள். தூக்கம் வரணும், சிரிப்பு வரக் கூடாது."

கிரேக்கம் படித்தவள் எப்சிபாதான். பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தாள். நடுவில் வாயைப் பிளந்தாள்.

"ஏ வடிவு! கடவுளுக்கு அப்பா இருக்காருட்டி!"

"என்னது?"

"கடவுள் நடுவில கெடக்காரு. அவருக்கு ஒரு அப்பா, அந்த அப்பாவுக்கு ஒரு தாத்தா! நோவா தாவீதுக்குக் கொள்ளுப்பேரன். ஆபிரகாமுக்கு ஊர்ல பாதிப் பேரு அப்பன்!"

காரணம் பிடிபட அரை மணி நேரம் ஆயிற்று. துறவி பார்த்து எழுதிய மூலப் பிரதியில் பெயர்கள் இரண்டு பத்திகளாக இருந்திருக்கின்றன. இடது பத்தியை மேலிருந்து கீழே முடித்துவிட்டு வலது பத்திக்குப் போக வேண்டும். இவர் அரைத் தூக்கத்தில் குறுக்கே வாசித்துவிட்டார். வலது பத்தி பாதியிலேயே முடிந்திருந்ததால், அதன் கடைசியில் இருந்த கடவுள் பட்டியலின் நடுவே வந்து விழுந்துவிட்டார். எழுபத்தேழு பேருக்கும் அப்பன் மாறிப்போய்விட்டது!

"கை சொல்லுதைப் பாரு," வடிவு திரையைக் காட்டினாள். "இதுவரைக்கும் தூக்கக் கலக்கம். கடவுள்கிட்ட வந்ததும் கை நிக்கி. முழிச்சுக்கிட்டாரு. கத்தியை எடுத்துச் சுரண்டுதாரு பாரு, மூணு எழுத்து. அப்புறம் சுரண்டலை நிறுத்திட்டாரு. இங்கதான் சிரிப்பு ஆரம்பிக்கி. தப்புன்னு தெரிஞ்சே மிச்சத்தையும் தப்பாவே எழுதுதாரு, குலுங்கிக் குலுங்கி."

"ஏன் நிறுத்துனாரு?"

"அதை எங்கிட்ட கேட்டா? ஆனா இங்க ஒண்ணு இருக்கு. இந்த ஒரு பேருல மட்டும் சிரிப்பே இல்ல. கை அப்படியே நிதானமா, மெதுவா போகுது. குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுத மாதிரி."

எப்சிபா அந்தப் பெயரைப் படித்தாள். நிகோன். அவள் படித்த எந்தப் பிரதியிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. முதலிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். எழுபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். எழுபத்தெட்டேதான்.

அந்தக் காலத்தில் எழுதி முடித்தவர்கள் கடைசி ஏட்டில் தங்கள் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் போட்டு எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். எப்சிபா படபடவென்று கடைசி ஏட்டுக்குப் போனாள். பாதி அழிந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள்.

"எழுதினவன் லேயோன். மடத்து அடுப்படிச் சாம்பலில் கண்டெடுத்த பிள்ளை. சமையல்காரர் நிகோன் ஊட்டி வளர்த்தார். தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவர் பெயரை எழுத மடத்து விதி இடம் தரவில்லை."

எப்சிபா புத்தகத்தை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். வயிற்றில் சிரிப்பு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. வடிவுக்குக் காரணம் தெரியும்.

எப்சிபா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அவளைப் பெற்ற சாமுவேல் தங்கதுரை வேலைக்கென்று கப்பலேறினான். ஏறினவன் ஏறினவன்தான். மூன்று வயதில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். எதிர்வீட்டில் கல்யாணம் ஆகாத ஆசீர்வாதம், பம்புசெட்டு மெக்கானிக், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். கிரீஸ் கையோடு தலை பின்னிவிட்டார். கால் மைல் தள்ளி ஓடுகிற மோட்டாரில் பேரிங் தேய்ந்திருப்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற இவள் அழுதிருக்கிறாளா இல்லையா என்பதைத் தெருமுனையில் வரும் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். காகிதம் எழுதித் தத்தெடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மகளுக்கு எதற்குக் காகிதம்?

இப்போது எப்சிபாவுக்கும் ரூபனுக்கும் கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உண்டானால் சொல்லலாம் என்று ஐயர் என்கிற பாதிரியார் சபைக்கு முன்னால் அறிவிப்பது. மூன்றாம் ஓலையில் வாசித்தது எதுவோ அதுதான் கல்யாண ரிஜிஸ்தரில் ஏறும். முதல் ஞாயிறு "சாமுவேல் தங்கதுரையின் மகள் எப்சிபா" என்று வாசித்தபோது ஆசீர்வாதம் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் ஞாயிறு ஓலை வாசிக்கும் முன்னாலேயே, யாரோ மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் மோட்டார்? நாளை மறுநாள் மூன்றாம் ஓலை.

ஓலை வாசிக்கும் சேகர குரு ஞானாபரணம் ஐயர்தான் இந்த நூலகக் கமிட்டிக்கும் தலைவர். கையுறையை ஜனங்களிடம் கொடுக்கலாமா என்று மாட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இதோ பன்னிரண்டு மணிக்கு வரப்போகிறார். ஞானாபரணம் ஐயர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சாஸ்திரி வேடம் போட்ட ஒருவருடைய தாடி கழன்று ஞானஸ்நானத் தொட்டியில் விழுந்து மிதந்தபோது சபையே உருண்டது. ஐயர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அச்சடித்த ஓலையை வாசிக்க மாட்டார். ஆபீஸில் தட்டச்சு செய்து கொடுக்கும் தாளைப் பார்த்து, சனிக்கிழமை உட்கார்ந்து தன் கையாலேயே ஓலை நோட்டில் எழுதுவார். சபையில் வாசிப்பது குருவின் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரிடம் எப்சிபா இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். "ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல என்ன இருக்கோ அதாம்மா" என்று முடித்துவிட்டார்.

பன்னிரண்டு அடிக்க ஐயர் வந்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். "எந்தப் பக்கம்?"

"மத்தேயுவே மாட்டிருவோம் ஐயா," எப்சிபா அவசரமாகச் சொன்னாள். பசி என்றால் பரவாயில்லை, மதியம் சாப்பிடப்போகிற மனிதர்.

"இப்ப எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்களோ அதையே மாட்டும்மா."

மாட்டினார்கள். நான்கு நிமிடம் கண் சொக்கியது. ஐந்தாம் நிமிடம் புருவம் உயர்ந்தது. ஆறாம் நிமிடம் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, குக்கர் விசிலுக்கு முன்னால் ஒரு முனகல் வருமே அந்த மாதிரி. எப்சிபா வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விசில் வந்தேவிட்டது! ஞானாபரணம் ஐயர் சிரித்தார். அறுபது வருடச் சிரிப்பு மொத்தமாகக் கிளம்பி வந்தது. மேசையைத் தட்டினார், கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. "ஐயோ... கடவுளுக்கே... ஐயோ, என்னால முடியலம்மா!" இவர்கள் இருவரும் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அடக்க அடக்க அதிகமானது. வடிவுக்கு விக்கல் எடுத்தது.

திடீரென்று ஐயர் அமைதியானார். கை மெதுவாக ஊர்ந்தது. முகம் குழந்தை முகம் போல ஆகிவிட்டது.

"யாரோ என் தலையைத் தடவின மாதிரி இருந்துச்சு," என்றார். "யாரும்மா இந்த நிகோன்?"

எப்சிபா கடைசி ஏட்டை வாசித்துக் காட்டினாள். ஐயர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். மாட்டியதும் பழைய ஐயர் திரும்பி வந்துவிட்டார்.

"வேதத்துல ஒரு பேரைக் கூட்டுறது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா?"

"அவருக்கும் தெரியும் ஐயா. அதான் தப்பைத் திருத்தணும்னு சுரண்ட ஆரம்பிச்சாரு."

"பின்ன ஏன் நிறுத்தினாரு?"

வடிவு விக்கலுக்கு நடுவே சொன்னாள். "ஏற்கனவே எழுபத்தேழு பேருக்கும் அப்பன் மாறிப் போச்சுல்லா. அந்தக் கூட்டத்துல கூட ஒருத்தரை நிறுத்தினா யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"தொள்ளாயிரம் வருஷமா யாரும் கண்டுபிடிக்கல ஐயா," என்றாள் எப்சிபா. பிறகு கேட்டேவிட்டாள். "எங்கப்பா பேரை வாசிங்கய்யா. தங்கதுரை யாருன்னே எனக்குத் தெரியாது. எங்கப்பா ஆசீர்வாதம்."

ஐயருடைய விரல்கள் மேசையில் தாளமிட்டன.

"இந்தப் பக்கத்தை ஜனங்களுக்குக் குடுக்கக் கூடாதும்மா. இது என் தீர்ப்பு. பாவம், அந்த மனுஷன் யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சதை நாம வரிசையில நிக்க வச்சுக் காட்டணுமா? அவர்கிட்ட கேட்டா மாட்டினோம்?"

எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக ஒரு செத்த மனிதனுடைய உடம்புக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம், கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. "சரிங்கய்யா," என்றாள். "என் ஓலை?"

"ரிஜிஸ்தர்ல இருக்கிறது இருக்கிறதுதாம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. இரண்டு ஜோடிக்கு மூன்றாம் ஓலை. எப்சிபா முன்வரிசைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்; கைமிச்சம் விட்டபாடில்லை, ஜெபத்தின் நடுவிலேயே இரண்டு முறை சிரிப்பை விழுங்கியிருந்தாள். ஆசீர்வாதம் கடைசி பெஞ்சின் ஓரத்தில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தார். ஐயர் ஓலை நோட்டைத் திறந்ததும் அவர் மெதுவாக எழுந்து வாசலுக்குப் போவதை எப்சிபா திரும்பிப் பார்த்தாள்.

ஐயர் கனைத்துக்கொண்டு வாசித்தார். "விவாக ஓலை, மூன்றாம் முறை. ரூபன், ஸ்டீபனின் மகன்."

பாடகர் குழுவில் நின்றிருந்த ஸ்டீபனுக்குப் பாட்டுப் புத்தகம் கைநழுவியது. அவன்தான் இன்னொரு ஜோடியின் மாப்பிள்ளை. ரூபனும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"பொன்னையா, கிருபைராஜின் மகன்."

ரூபனுடைய அப்பா பொன்னையாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஸ்டீபனுடைய அப்பா கிருபைராஜ் அவரைவிட ஆறு வயது இளையவர். இரண்டு பேரும் கோயில் அசன விருந்துப் பந்தியில் வந்த சண்டையால் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னையாவின் மனைவி எழுந்தேவிட்டாள். "எனக்குத் தெரியாம யாரைக் கட்டப் போறிய?"

சபை குபீரென்று வெடித்தது. அந்தச் சிரிப்பிலும் எப்சிபாவின் மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. ஆபீஸ் தாள் இரண்டு பத்தி! இடது பத்தியில் ரூபன், பொன்னையா, எப்சிபா, தங்கதுரை. வலது பத்தியில் ஸ்டீபன், கிருபைராஜ், கிறிஸ்டி, மனுவேல். ஐயருடைய கை குறுக்கே வாசித்திருக்கிறது. லேயோனின் கைமிச்சம்! அப்படியானால் அடுத்து "எப்சிபா, கிறிஸ்டியின் மகள்" என்று வர வேண்டும். கிறிஸ்டி இவளைவிட நாலு வயது சின்னவள். எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"எப்சிபா, ஆசீர்வாதத்தின் மகள்."

ஐயர் நிறுத்தவில்லை. "கிறிஸ்டி, தங்கதுரையின் மகள். மனுவேல்." அதோடு ஓலை முடிந்துவிட்டது.

கிறிஸ்டியின் அப்பா மனுவேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, எல்லாருக்கும் ஒரு அப்பன் குடுத்திய. எனக்கு மட்டும் இல்லையா?"

பெஞ்சுகள் ஆடின. பொன்னையா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக் கிருபைராஜ் தோளிலேயே சாய்ந்துவிட்டார். கிருபைராஜ் "சரி மகனே, சரி" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எப்சிபா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். தாளில் இருந்தது எட்டுப் பேர். வாசித்தது ஒன்பது. அதனால்தான் மனுவேலுக்கு அப்பன் கிடைக்கவில்லை. கை எவ்வளவுதான் குறுக்கே போனாலும், இல்லாத பெயரை எங்கிருந்து எடுக்கும்?

ஐயர் கையை உயர்த்தினார். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. "எழுதும்போது கை தவறியிருக்கு. மூன்றாம் ஓலை என்கிறதனாலே சபையார் முன்னாலேயே திருத்திக்கொள்வோம். ரூபன்?"

"பொன்னையா மகன்!" என்று பத்துக் குரல்கள் கத்தின. ஐயர் எழுதிக்கொண்டார். ஸ்டீபனைக் கேட்டார், எழுதினார். கிறிஸ்டியைக் கேட்டார், எழுதினார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எப்சிபா, ஆசீர்வாதத்தின் மகள். திருத்தம் உண்டா?"

எந்தக் குரலும் திருத்தவில்லை. பொன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அது சரியாத்தானய்யா இருக்கு."

"ஆட்சேபணை இல்லாதபடியினாலே அது நிற்கும்," என்று ஐயர் நோட்டை மூடினார்.

ஆராதனை முடிந்ததும் எப்சிபா ஓடிப்போய் நோட்டைத் திறந்தாள். ஸ்டீபன் என்கிற பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடிக்கத் தொடங்கிய கோடு, பாதியில் நின்றிருந்தது. அங்கிருந்து கையெழுத்து குலுங்கிக் குலுங்கிப் போயிருந்தது. ஆசீர்வாதம் என்ற பெயர் மட்டும் நேராக, அழுத்தமாக, மெதுவாக எழுதப்பட்டிருந்தது.

"கைமிச்சமாய்யா?"

"கைமிச்சந்தாம்மா," என்றார் ஐயர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஆனால் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

வாசல் படியில் ஆசீர்வாதம் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றுகொண்டிருந்தார். புதுச்சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"ஏளா எப்சி," என்றார். "ஐயர் என்னமோ வாசிச்சாரே, எனக்குச் சரியா காதுல விழல. இன்னொரு மட்டம் வாசிக்கச் சொல்லேன்."

எப்சிபா உள்ளே போய்க் கேட்டாள். ஐயர் வாசலுக்கே வந்து வாசித்தார்.